நடு அறைக்கு வந்த வெளிச்சம்

அந்தத் தெருவில் வீடுகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். முன்னறைக்குத் தெருப்பக்கம் ஜன்னல் உண்டு, சமையலறைக்குப் பின்பக்கம் கதவு உண்டு. நடுவில் மாட்டிக்கொண்ட அறைக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. நட்டநடுப் பகலில்கூட விளக்கைப் போட்டால்தான் அங்கே கால் வைக்க முடியும். பழைய பெட்டிகளும், ஓடாத மின்விசிறியும், மகள் சின்ன வயதில் ஓட்டிய மூன்று சக்கர சைக்கிளும்தான் அங்கே குடியிருந்தன.

டேப்பக்காவுக்கு நெடுநாளாக அந்த அறைமேல் ஒரு கண். டேப்பக்கா என்பது தெருப்பிள்ளைகள் வைத்த பெயர். அளவெடுக்கும் டேப் எந்நேரமும் கழுத்தில் தொங்கும். சமைக்கும்போதும் கழற்ற மாட்டாள். ஒருமுறை பக்கத்து வீட்டுச் சாவுக்கே அதோடு போய் நின்றுவிட்டாள். பள்ளிச் சீருடை, பேன்ட் குட்டையாக்குவது, ஜிப் மாற்றுவது, திரைச்சீலை என்று கைக்கு வந்ததையெல்லாம் தைப்பாள். வேலை சுத்தமாக இருக்கும், வாய் கொஞ்சம் காரமாக இருக்கும்.

தைப்பதெல்லாம் கடைவீதியில் ஒரு துணிக்கடையின் முன்மூலையில். கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்து இடம், பகல் வெளிச்சம் தாராளமாக வரும். தையல்காரிக்கு வெளிச்சம்தான் முதல் கருவி. கறுப்பு நூலுக்கும் கருநீல நூலுக்கும் உள்ள வித்தியாசத்தை எந்தக் குழல்விளக்கும் சொல்லாது. ஒரு மழைக்காலத்தில் விளக்கை நம்பி, யாரோ ஒருவரின் கறுப்புக் கோட்டுக்கு நீல நூலால் தையல் போட்டு, அவர் அதை மாட்டிக்கொண்டு வெயிலில் போய் நின்று, திரும்பி வந்து பேசிய பேச்சு இன்னும் அவள் காதில் இருக்கிறது.

வெளிச்சம் இருந்தது, இடம்தான் சொந்தமில்லை. கடைக்குப் புதுச் சரக்கு வந்து இறங்கினால் முதலில் நகர வேண்டியது அவளுடைய மெஷின்தான். முதலாளியம்மா நல்லவள், குரலை உயர்த்தவே மாட்டாள். "கொஞ்சம் தள்ளிக்கோம்மா" என்பாள், அவ்வளவுதான். மகள் பிறப்பதற்கு முன்பிருந்து டேப்பக்கா தள்ளிக்கொண்டே இருக்கிறாள். யாரும் வந்து தள்ளிக்கோ என்று சொல்ல முடியாத ஓர் இடத்தில் மெஷினைப் போட்டு உட்கார வேண்டும். அவளுக்கு வாழ்க்கையில் வேறு பெரிய ஆசை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

அவளுடைய வீட்டுக்காரர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். அங்கே அவருக்கு ஓகே அண்ணன் என்று பெயர். முடியாது என்ற சொல் அவர் வாயில் வராது. யார் எதைக் கேட்டாலும் "ஓகே, பார்த்துக்கலாம்" என்பார். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று பேருக்கு வீட்டுச் சாமான் ஏற்ற வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, மூன்று பேருக்கும் பயந்து போனை அணைத்துவிட்டு முன்னறையில் சுருண்டு படுத்திருந்த மனிதர் அவர். ஊருக்கெல்லாம் நல்லவர். இந்த மாதிரி நல்லவர்களைக் கட்டிக்கொண்டவர்களிடம் கேட்டால் தெரியும், அந்த நல்ல பெயருக்கு வீட்டில் யார் உழைக்கிறார்கள் என்று.

நடு அறைக்கு மேல் ஜன்னல் போடலாம் என்று அவள் சொன்னபோதும் அவர் ஓகே என்றுதான் சொன்னார். அந்த ஓகேக்கு வயதாகிக்கொண்டே போனது. கடைசியில் அவளே கைபேசியில் தேடினாள். யாரோ ஒரு தாடிக்காரர் எந்தப் பாஷையிலோ பேசிக்கொண்டே தன் வீட்டுக் கூரையை வெட்டுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பேசியது புரியாவிட்டால் என்ன, கை செய்தது புரிந்தது. இவர்கள் வீட்டுக் கூரையும் அதே மாதிரித் தகரம்தான், கீழே பிளைவுட் அடித்த உள்கூரை. தகரத்தில் ஒரு சதுரம் வெட்டி, சுற்றி மரச்சட்டம் அடித்து, மேலே கண்ணாடி பதித்து, அங்கிருந்து உள்கூரை வரைக்கும் பலகையால் ஒரு பெட்டி மாதிரி இறக்கிவிட்டால் வெளிச்சம் நேரே அறைக்குள் விழும்.

"ஆள் வச்சுப் போடலாமே" என்றார் வீட்டுக்காரர். "ஆனா அவனுங்க இன்னைக்கு வரேன், நாளைக்கு வரேன்னு இழுப்பானுங்க."

"இழுக்கிறதுல உங்களை மிஞ்ச எவனாவது இருக்கானா?" என்றாள். "நாமளே போட்டுடலாம். நான் மேல ஏறுறேன். நீங்க ஏணியைப் பிடிங்க, போதும்."

அப்படித்தான் வேலை ஆரம்பித்தது. வெல்டிங் கடைக்காரரிடமிருந்து தகரம் வெட்டும் கைக்கிரைண்டரும் ஏணியும் இரவல் வந்தன. அவள் காகிதத்தில் அளவு வெட்டி உள்கூரையில் ஒட்டி, தகரத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் எங்கே ஓடுகின்றன என்று தட்டித் தட்டிப் பார்த்து, இரண்டு சட்டத்துக்கும் நடுவில் இடம் குறித்தாள். நாலு மூலையிலும் கீழிருந்து துளை போட்டாள். பிறகு மேலே ஏறி, அந்த நாலு துளைகளையும் சாக்பீஸால் இணைத்து, கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, கிரைண்டரைத் தகரத்தில் வைத்தாள். சத்தத்தில் தெரு நாய்கள் எல்லாம் ஒன்றுகூடிவிட்டன.

வெட்டி முடித்து, முன்பே செய்து வைத்திருந்த மரச்சட்டத்தை இறக்கிப் பார்த்தால் இறங்கவில்லை. எல்லாப் பக்கமும் ஒரு விரல் அளவு இடித்தது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அளவில் அவள் தப்பு செய்தாள் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. கொஞ்ச நேரம் தகரத்தின் மேலேயே குந்தியிருந்து யோசித்த பிறகுதான் விளங்கியது. சட்டைக்குக் கழுத்து வெட்டும்போது வேண்டிய அளவைவிடச் சிறிதாகத்தான் வெட்டுவார்கள், மடித்துத் தைக்கும்போது அது தானே பெரிதாகிவிடும். கோடு போடும்போது கை பழக்கத்தில் துளைகளுக்கு உள்பக்கமாகவே தள்ளிக் கோடு போட்டிருக்கிறது.

விஷயத்தைச் சொன்னதும் கீழே நின்ற வீட்டுக்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "கூரைக்குமா கழுத்து வெட்டுவ?" என்றார். ஏணியே ஆடியது.

"சிரிச்சது போதும், ஏணியைப் பிடிங்க. நான் விழுந்தா உங்களுக்கு யாரு சமைப்பா?" என்றாள். அவளுக்கும் சிரிப்புதான். இத்தனை வருடத்தில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலையைச் செய்து அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. பின்னால் எல்லாம் தெரிய வந்தபோது அவளை அதிகமாகக் குத்தியது அந்தச் சிரிப்புதான்.

கண்ணாடியைச் சுற்றித் தகடு அடிக்கும் வேலையில்தான் சண்டை வந்தது. நாலு பக்கமும் பசையை அப்பிவிட்டால் தண்ணீர் இறங்காது என்று அவர். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. மேல்பக்கத் தகடு கூரைத் தகரத்துக்கு அடியில் நுழைய வேண்டும், கீழ்ப்பக்கத் தகடு தகரத்தின் மேல் படிய வேண்டும், அப்போதுதான் வழிந்து வரும் தண்ணீர் உள்ளே எட்டிப்பார்க்காமல் தாண்டிப் போகும். "பசையைத் தடவி ஒட்டின துணி எத்தனை நாளைக்கு நிக்கும்? மடிப்பு சரியா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, மேல்வரிசை ஆணிகளைக் கழற்றி, தகரத்தை நெம்பித் தூக்கி, தகட்டை உள்ளே செருகினாள். பசை கடைசியில் ஒரு கோடு, அவ்வளவுதான்.

உள்ளே இறங்கும் பலகைப் பெட்டிக்கு வெள்ளை அடித்தது கல்லூரிக்குப் போகும் மகள். வெள்ளையாக இருந்தால் வெளிச்சம் பட்டுத் திரும்பி அறை முழுக்கப் பரவும். ஸ்டூல்மேல் நின்று அடித்துக்கொண்டிருந்தவள் நடுவில் கையை நிறுத்தி, "அம்மா, இவ்வளவு பாடுபட்டு..." என்று ஆரம்பித்தாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல. பெயின்ட் கண்ணுல தெறிச்சிடுச்சு."

அன்று சாப்பிடும்போது, கடை மூலையை விட்டுவிடுகிறேன் என்று முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டதாக டேப்பக்கா சொன்னாள். வீட்டுக்காரரின் கை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

"அதுக்குள்ளயா? கொஞ்ச நாள் பார்த்துட்டு விட்டிருக்கலாமே."

"இன்னும் என்ன பார்க்கணும்?"

அவர் தட்டைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "ஒண்ணுமில்ல. ஓகே" என்றார்.

மெஷினைக் கடையிலிருந்து கொண்டு வந்ததும் அவர்தான். பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு, பேருந்தின் கடைசி வரிசையில் அதை ஏற்றிக்கொண்டு வந்து, தனியாகவே தூக்கி, நடு அறையில் கண்ணாடிக்கு நேர் கீழே வைத்தார். மறுநாள் காலை அவள் அங்கே உட்கார்ந்தாள். மேலிருந்து விழுந்த வெளிச்சம் துணியின் மேல் பரவிக் கிடந்தது. கறுப்பு நூல்கண்டையும் நீல நூல்கண்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தன. அவளுக்கு அழுகை வந்தது. தன்னுடைய இடத்தில் உட்கார்ந்து அழுவதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்று நினைத்ததும் சிரிப்பும் வந்தது.

கொஞ்ச நாளிலேயே வாடிக்கைக்காரர்கள் வீடு தேடி வரத் தொடங்கினார்கள். அப்படி ஒரு காலையில் கதவைத் தட்டியவள் ஓரகத்தி. வீட்டுக்காரரின் தம்பி மனைவி. அவர்கள் இருப்பது வேறு ஊரில். இடுப்பில் கைக்குழந்தை, கையில் ஒரு துணிப்பொட்டலம்.

நேரே நடு அறைக்குள் வந்து அண்ணாந்து பார்த்தாள். "எவ்வளவு நல்லா இருக்கு அக்கா. இந்த ரூமையா இருட்டுன்னு சொன்னாங்க?" என்றாள். பொட்டலத்தைப் பிரித்துக் கெட்டியான சாம்பல்நிறத் துணியை எடுத்து மெஷின்மேல் விரித்தாள். "இதுல ஒரு திரை தைச்சுக் குடுங்க அக்கா. இழுத்து மூடுற மாதிரி. பகல்ல வெளிச்சம் இருந்தா இவன் தூங்க மாட்டான்."

"எந்த ஜன்னலுக்கு?"

"இதோ, மேல இருக்கே, இதுக்குத்தான்."

டேப்பக்காவின் கை தானாகக் கழுத்து டேப்பைத் தேடியது. "இதுக்கு எதுக்கும்மா உனக்குத் திரை?"

ஓரகத்தி திருதிருவென்று விழித்தாள். அவள்மேல் குற்றமே இல்லை. "நாங்க அடுத்த மாசம் இங்க வந்துடுறோம் இல்ல? அவருக்கு இந்த ஊருக்கு மாத்தலாச்சே. அத்தான் சொல்லலையா?"

"எப்போ பேசினீங்க?"

"அப்பவே பேசியாச்சு அக்கா. ஜன்னல் இல்லாத ரூம்ல குழந்தையை எப்படி வச்சுக்கிறதுன்னு நான்தான் தயங்கினேன். கவலைப்படாதீங்க, கூரையை வெட்டிக் கண்ணாடி போடப் போறோம், நீங்க வர்றதுக்குள்ள ரெடியாயிடும்னு அத்தான்தான் சொன்னாரு."

டேப்பக்கா அந்தத் துணியின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். குழந்தை கண்ணாடியைப் பார்த்துக் கையைக் காலை ஆட்டிச் சிரித்தது. வந்தவளுக்குக் குடிக்க ஏதாவது கொடுத்தாளா, என்ன பேசி அனுப்பினாள் என்பதெல்லாம் பிறகு அவளுக்கு நினைவில்லை.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து பேருந்துச் சாவியை ஆணியில் மாட்டினார்.

"உங்க தம்பி குடும்பம் நடு ரூமுக்கு வருதாமே" என்றாள்.

"யார் சொன்னா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. இல்லை என்று சொல்லவில்லை, என்ன உளறல் என்று கேட்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். "கைக்குழந்தையை வச்சுக்கிட்டு எங்க போவான்? போன் பண்ணிக் கேட்டான். கூடப் பிறந்தவன்கிட்ட இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

"என்கிட்ட சொல்லியிருந்தா நான் சொல்லியிருப்பேன்."

"அதனாலதான் சொல்லல."

அன்று அவர் பேசியதில் கலப்படம் இல்லாத உண்மை அது ஒன்றுதான்.

"நான் கூரையில ஏறினப்ப ஏணியைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சீங்களே. அப்பவும் தெரியுமா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"கடையை விட்டேன்னு சொன்னப்ப? மெஷினைத் தூக்கிட்டு வந்து அங்க வச்சப்ப?"

"நீ அவ்வளவு சந்தோஷமா இருந்த. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரல."

கேட்டீர்களா நியாயத்தை. சந்தோஷத்தை முளையில் கெடுக்கக் கூடாதாம். அது நன்றாக வளர்ந்து காய்க்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வேரோடு பிடுங்கலாமாம்.

வாசற்படியில் நின்ற மகள் சமாதானமாக வாயைத் திறந்தாள். "கொஞ்ச நாளைக்குத்தான்மா. குழந்தை கொஞ்சம் பெருசானதும் வேற வீடு பார்த்துடுவாங்கன்னு அப்பா சொன்னாரு."

"எப்போ சொன்னாரு?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே டேப்பக்காவுக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனாலும் காத்திருந்தாள்.

"பெயின்ட் அடிக்கிறதுக்கு முந்தின நாள்" என்றாள் மகள். "நானே அம்மாகிட்ட சொல்லிக்கிறேன், நீ சொல்லாதேன்னாரு."

புருஷனுடையது பழைய வியாதி. எங்கே வலிக்கும், எவ்வளவு வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும். இது புதிது. தான் பெற்றவள் ஸ்டூல்மேல் நின்று, தெரிந்துகொண்டே, அம்மாவின் தலைக்கு மேலே வெள்ளை அடித்திருக்கிறாள். அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று தனக்கு மட்டும் தெரியவில்லை என்று நினைத்தபோது, விருந்தாளியாக வந்து நெடுநாள் தங்கிவிட்டவள் மாதிரி அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கோபம்கூடப் பிறகுதான் வந்தது.

கோபம் வந்த வேகத்தில் கொழுந்தனுக்கே போன் போட்டாள். முகத்தில் அடித்தாற்போல் முடியாது என்று சொல்லிவிடுவது என்று முடிவு. அவன் எடுத்ததும் முந்திக்கொண்டான். பின்னால் குழந்தை அழுதது.

"அண்ணி, நானே கூப்பிடணும்னு இருந்தேன். நீங்க மட்டும் சரின்னு சொல்லலைன்னா நாங்க தெருவுலதான் நிக்கணும். 'எனக்கு ஒண்ணுமில்ல, உன் அண்ணிதான் அவங்களை வரச் சொல்லுன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா'ன்னு அண்ணன் சொன்னாரு. இந்த உதவியை உயிருள்ளவரை மறக்க மாட்டோம் அண்ணி."

அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். அவளுடைய அறையை மட்டுமல்ல, அவளுடைய சம்மதத்தையும் அவரே எடுத்துக் கொடுத்திருக்கிறார். இனி முடியாது என்று சொன்னால் வாக்குத் தவறியவள் அவள்தான்.

"வாங்க தம்பி" என்றாள். அந்த வியாதி தொற்றும் போலிருக்கிறது.

மறுநாள் துணிக்கடைக்குப் போய்ப் பார்த்தாள். கண்ணாடிக் கதவோரம் பொம்மைகள் இரண்டு புதுச் சட்டை போட்டுக்கொண்டு நின்றன. "நீயாத்தானேம்மா விட்டுட்டுப் போன?" என்றாள் முதலாளியம்மா, குரலை உயர்த்தாமல். "இனிமே எங்க இடம் இருக்கு, நீயே சொல்லு." கேட்கப் போனதற்கே டேப்பக்காவுக்கு வெட்கமாக இருந்தது.

கொழுந்தன் வீட்டுச் சாமான்கள் வந்து இறங்கின. மெஷின் சமையலறைக்குப் போனது. அடுப்புக்கும் பின்கதவுக்கும் இடையில், கதவைத் திறந்தால் மெஷினில் இடிக்கும், மூடினால் விளக்கைப் போட வேண்டும். சாம்பல்நிறத் திரையை அவள் தைத்துக் கொடுத்தாள். அளவு அச்சாக இருந்தது. வீட்டுக்காரரோடு வேண்டியதைப் பேசினாள், வேண்டாததை விட்டாள். அவர் எதைக் கேட்டாலும் ஒரே சொல்லில் பதில் வந்தது. அவருக்கு அது போதுமானதாகவே இருந்தது, அதுதான் கொடுமை. புயல் கடந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு மறுபடி விசிலடிக்கத் தொடங்கிவிட்டார்.

முதல் மழை ஒரு விடுமுறை நாளின் மதியத்தில் வந்தது. தகரத்தில் விழுந்த சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை. கொழுந்தன் வாளியைத் தூக்கிக்கொண்டு கண்ணாடிக்குக் கீழே போய் நின்றான். எல்லோரும் நடு அறையில் கூடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். டேப்பக்கா மட்டும் சமையலறையில் ஒரு பேன்ட்டின் கால் மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். காது மட்டும் அங்கே இருந்தது. அந்த மேல்பக்கத் தகடு, செருகிய ஆழம், ஆணி வரிசை எல்லாவற்றையும் மனத்துக்குள் ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

மழை விட்டது. வாளியில் ஒரு சொட்டு இல்லை.

"அண்ணே, கையைக் குடுங்க" என்றான் கொழுந்தன். "தொழில் தெரிஞ்சவன் போட்டாக்கூட முதல் மழைக்கு ஒழுகும்."

"அத்தானுக்குக் கைராசி" என்றாள் ஓரகத்தி.

டேப்பக்கா ஊசியை நிறுத்தினாள். இப்போதாவது சொல்வார். ஒரு வார்த்தை, அவள் போட்டது என்று ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் பாதியையாவது மன்னித்துவிடலாம் என்றுகூட அந்த நொடியில் நினைத்தாள்.

"ஏதோ, நம்மால முடிஞ்சது" என்றார் வீட்டுக்காரர்.

"அப்பா ஏணியைத்தான் பிடிச்சாரு" என்று மகளின் குரல் கேட்டது. "வெட்டினது, சட்டம் அடிச்சது, தகடு செருகினது எல்லாம் அம்மா. பசையை அப்பினா போதும்னாரு அப்பா. கேட்டிருந்தா இப்ப வாளி நிறைஞ்சிருக்கும்."

வீட்டுக்காரர் சிரிக்கப் பார்த்தார், சரியாக வரவில்லை.

மகள் சமையலறைக்கு வந்தாள். முகம் சிவந்திருந்தது. அம்மாவுக்காக ஒன்றைச் செய்துவிட்ட பெருமையும், அம்மா நிமிர்ந்து பார்ப்பாள் என்ற எதிர்பார்ப்பும் அதில் தெரிந்தன. மெஷினுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "சொல்லிட்டேன்மா" என்றாள்.

டேப்பக்கா பேன்ட்டை மடியில் வைத்தாள். மகளின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். குரலில் கோபம் இல்லை.

"கேட்டேன்" என்றாள். "எல்லார் முன்னாடியும், அப்பா முகத்துக்கு நேரா, பயப்படாம சொல்லிட்ட. உனக்குப் பேச வராது, அதான் அன்னைக்கு ஸ்டூல்மேல நின்னுக்கிட்டு என்கிட்ட சொல்லலைன்னு நினைச்சுத்தான் இத்தனை நாளா மனசைத் தேத்தி வச்சிருந்தேன்."